நடுவழியில் அறுபடும் பேச்சு

ஓடும் பேருந்தில் அமர்ந்து ஒருவன் கைத்தொலைபேசியிற் பேசிக்கொண்டு செல்கிறான். ஒரு கோபுரத்தின் எல்லையைக் கடந்து அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் அவன் புகும்போது, அங்கே அவனது பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும். அதே கணத்தில் அவ்வூரில் வீட்டிலிருக்கும் ஒரு பெண் புதிதாக அழைக்க முயல்கிறாள். எஞ்சியுள்ளதோ ஓர் இடந்தான். அதை யாருக்கு அளிப்பது நீதி?

இவ்விடங்கள் எத்துணைக் குறைவானவை என்பதைப் பலர் அறியார். 1991இல் பின்லாந்தில் இயங்கத் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறையில், 200 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பகுதி ஒன்று 8 நேரக்கூறுகளாக வகுக்கப்படுகிறது. சிறு கோபுரமொன்றில் அவற்றுள் ஒன்று கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போக, பேச்சுக்கு எஞ்சுவன 7 மாத்திரமே.

பயணிகளுக்கு இத்தனை, ஊரவர்க்கு இத்தனை என்று பங்கிட்டுவிடலாமே என நேயர்கள் எண்ணக்கூடும். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1917இல் வெளியிட்ட சூத்திரம் அதற்குத் தடை சொல்கிறது. நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேல் மறுக்கப்படலாகாது எனின், 7 இடங்கள் சராசரியாக ஒரே நேரத்தில் ஏறத்தாழ 3 பேச்சுகளையே தாங்கும். ஒன்றாக வைத்த 14 இடங்களோ 8க்கு மேல் தாங்கும். அவற்றையே இரண்டாகப் பிரித்தால் தாங்குவது 6 தான். காணியைப் பங்கிட்டுப் பங்கிட்டு வேலியே மிஞ்சிய குடும்பங்களின் கதை போன்றது இது.

ஆகவே பொறியியலாளர் வேறொரு வழியைக் கண்டனர். இடங்கள் யாவும் பொதுவே. கடைசி ஓரிரண்டு மட்டும், நடந்துகொண்டிருக்கும் பேச்சோடு வந்து சேர்பவர்க்கென ஒதுக்கப்படும். தொடங்காத பேச்சு ஏமாற்றம். நடுவில் அறுந்த பேச்சோ இழப்பு. இவ்வேறுபாட்டை ஏற்பது தக்கதே. ஆயினும் அதன் விலையை வீட்டிலிருப்பவளே செலுத்துகிறாள். இடமொன்று வெறுமையாய்க் கிடக்க, அவளுக்கு மறுப்பொலி கேட்கிறது; காரணத்தை அவள் அறியாள். மருத்துவரை அழைக்க முயன்றவளாகவும் அவள் இருக்கலாம். எனவே ஒதுக்கீடு மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையோரக் கோபுரத்துக்குப் பொருந்தும் அளவு குடிமனைகளுக்கு நடுவேயுள்ள கோபுரத்துக்குப் பொருந்தாது.

இதனினும் நேர்மையான ஏற்பாடொன்றும் அம்முறையில் உண்டு. நெருக்கடி மிகும்போது குரலைப் பாதியளவாகச் சுருக்கி, ஒரே நேரக்கூற்றில் இரு பேச்சுகளை அனுப்பலாம். 8 நேரக்கூறுகளில் 16 பேச்சுகள் அடங்கும். குரலின் தெளிவு சற்றுக் குன்றும். எவருக்கும் மறுப்பு எளிதில் நேராது. கூட்டம் கலைந்ததும் குரல்கள் மீண்டும் முழு அளவு பெறும்.