முதலில் கேட்டார், பிறகு எழுப்பினார்
(வானொலி மறையுரை)



யோவான் நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக உடல்நலமற்றுக் கிடந்த ஒருவரைச் சந்திக்கிறோம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் குணமடைவார் என்பது அங்கிருந்தோரின் நம்பிக்கை. நடக்க முடிந்தவர் முந்திக்கொள்வார்; முடியாதவர் கரையிலேயே கிடப்பார். யாருக்கு நலம் மிகுதியாகத் தேவையோ, அவருக்குத்தான் அது எட்டவில்லை. இயேசு அவர் கிடந்த இடத்துக்கே சென்றார். சென்றவர், நலம் பெற விருப்பமா என்று முதலில் அவரிடமே கேட்டார். தேடிச் செல்வது, கேட்பது: இவ்விரண்டையும் இன்று சிந்திப்போம்.

புளியங்குடியில் ஒரு மூதாட்டி. எலுமிச்சைச் சந்தையில் காய் பிரிக்கும் வேலை செய்து வந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. அவருக்கு நற்கருணை கொண்டு சென்ற நாங்கள், அவர் தரையில் பாயில் இருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், பங்கின் சார்பில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நல்லது செய்துவிட்டோம் என்று எங்களுக்கு நிறைவு. அடுத்த மாதம் போனால், நாற்காலியில் மடித்த துணிகள் இருந்தன. ஆச்சி பாயில் இருந்தார். எங்கள் முகம் வாடியதைக் கண்டு அவரே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சாமி. வீட்ல எல்லாரும் கீழ உக்காந்து சாப்பிடுதாவ. நான் மட்டும் ஒசரத்துல உக்காந்தா விருந்தாளி மாதிரி இருக்கு."

அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

கேட்டவர், பிசியோதெரபி கொடுக்க வீட்டுக்கு வந்த ஓர் இளம்பெண். "ஆச்சி, முன்னால என்ன வேலை பாத்தீங்க?" என்றார். மறுமுறை வந்தபோது, சாக்கில் எலுமிச்சையைக் கொட்டி, இடது கையால் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். பெரிய காய் ஒரு கூடைக்கு, சிறிய காய் மறு கூடைக்கு. ரப்பர் பந்தை அழுத்த அலுத்துக்கொண்ட கை, பழகிய வேலையைக் கண்டதும் முயன்றது. நாங்கள் கொடுத்த நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரவும் எழவும் படிப்படியாகப் பழக்கினார். கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் ஆச்சி இப்போது வீட்டாரோடு தரையில் அமர்ந்து சாப்பிடுகிறார்.

1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் நகரின் சவாய் மான்சிங் மருத்துவமனையிலும் இதே பாடம் கற்கப்பட்டது. அதுவரை கிடைத்த செயற்கைக் கால்கள், காலணி அணிந்து நாற்காலியில் அமர்ந்து வாழ்வோருக்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டு உழவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர், குத்தவைத்து உட்காருபவர், சம்மணமிட்டுச் சாப்பிடுபவர். அந்தக் கால்கள் அதற்கு ஒத்துவராததால் பலர் கழற்றி வைத்துவிட்டார்கள். டாக்டர் பிரமோத் கரண் சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து, மக்களின் வாழ்க்கைக்கு ஏற்றபடி வளையும் ரப்பர் பாதத்தை உருவாக்கினார்கள். அதுவே 'ஜெய்ப்பூர் கால்'. 1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தி வருகிறது.

நம் ஊரையே பாருங்கள். பள்ளிவாசலில் தொழுபவரின் நெற்றி தரையைத் தொட வேண்டும். கோயில் கொடையில் பந்தியில் அமர்பவர் சம்மணமிட வேண்டும். நாம் திருப்பலியில் முழந்தாளிடுகிறோம். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தால் மட்டும் போதாது. எதற்காக மடங்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். ஓர் ஆண் தொட்டுப் பயிற்சி தருவதற்குக் கூசும் பெண் இருக்கிறார். பிழைக்க வந்து, அடிபட்டு, வலியைச் சொல்லத் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி இருக்கிறார். எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, அதைச் சமத்துவம் என்று சொல்லலாமா?

உலகில் மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுவோர் ஏறத்தாழ 240 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலர் சிகிச்சையைப் பாதியில் விட மன உறுதி இல்லாதது மட்டும் காரணம் அல்ல. பேருந்துச் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, வீட்டில் கைக்குழந்தை... தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று அந்த மனிதர் இயேசுவிடம் முறையிட்டாரே, அதே முறையீடு இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. இது தெரியாமல் படுத்திருப்போர் நம் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். முடங்கிக் கிடப்பவர் ஒருவரை, எந்தச் சமயத்தவரானாலும், சென்று பார்ப்போம்; அறிவுரை சொல்லுமுன், எந்த வேலையை மறுபடி செய்ய ஆசை என்று கேட்போம். அவரைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்வோம். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு முறை வைத்துத் துணை போவோம். நம் ஆலயப் படிகளைச் சக்கர நாற்காலியில் வருபவரின் கண்கொண்டு பார்த்து, சாய்தளம் அமைப்போம். முழந்தாளிட முடியாதவர் கூச்சமின்றி அமர முன்வரிசையில் இடம் விடுவோம்.

குணமடைந்த அந்த மனிதரை இயேசு மறுபடி சந்தித்தது கோவிலில். 38 ஆண்டுகள் கரையில் கிடந்தவர் மக்களோடு மக்களாக நின்றார். நம் பராமரிப்பும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

மன்றாடுவோம்: தேடி வந்து கேட்கும் ஆண்டவரே, கொடுக்கும் அவசரத்தில் கேட்க மறந்த எங்களை மன்னியும். கரையில் கிடப்போரிடம் செல்லக் கால்களையும், அவர்கள் சொல்வதைக் கேட்கச் செவிகளையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.