தேசங்களின் செல்வத்தை எப்படி நிறுப்பது?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

 

பணக்கார நாடுகளையும் ஏழை நாடுகளையும் ஒப்பிட்டுப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். இது கல்லூரியில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, தோட்டத்தில் எதற்கு என்று சிலர் எண்ணலாம். சம்பளப் பேச்சு வார்த்தை நடக்கும் போதெல்லாம் இந்த ஒப்பீடு மேஜைக்கு வந்துவிடுகிறது. "அண்டை நாட்டில் கூலி குறைவு, அவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது" என்பார்கள். வேறொரு நாள், "நம் நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டது, இன்னும் என்ன குறை?" என்பார்கள். இரண்டையும் நிறுத்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாடுகளை எப்படித் தரம் பிரிக்கிறார்கள்? உலக வங்கி ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை அந்நாட்டு மக்கள் தொகையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கிடுகிறது. அதன்படி நாடுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. மலேசியா மேலிருந்து இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. இந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் இது மட்டும் போதாது.

ஏன் போதாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்த்து மட்டும் நாம் கணக்கெழுதுவதில்லை. மழைத்தண்ணீர் கலந்த பாலும் வாளியை நிரப்பும். மாதிரி எடுத்து, காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று கண்ட பிறகே கணக்கு முடிகிறது. தலைக்கு இத்தனை டாலர் என்பது வாளியின் அளவு. அதிலிருந்து மக்களின் வாழ்வுக்கு எவ்வளவு தேறியது என்பதே காய்ந்த ரப்பர்.

இந்த இரண்டாவது கணக்கை 1990ஆம் ஆண்டு ஐ.நா. சபையின் வளர்ச்சித் திட்ட அமைப்பு வெளியிட்டது. பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக் அதை முன்னின்று நடத்தினார். இந்தியாவைச் சேர்ந்த அமர்த்தியா சென் துணை நின்றார். அதற்கு மனித வளர்ச்சிக் குறியீடு என்று பெயர். மக்கள் எத்தனை வயது வரை வாழ்கிறார்கள், எத்தனை ஆண்டு படிக்கிறார்கள், வருமானம் என்ன என்ற மூன்றையும் சேர்த்து அது நாட்டை மதிப்பிடுகிறது.

இப்படிப் பார்த்தால் வரிசை மாறுகிறது. ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என்ற சிறு நாட்டில் 1990களில் ஏராளமான எண்ணெய் கிடைத்தது. தலைக்கு வரும் வருமானத்தில் அது இலங்கையைவிட மேலே நிற்கிறது. ஆயினும் இலங்கை மக்களின் சராசரி ஆயுள் அந்நாட்டாரைவிட 10 ஆண்டுகளுக்கு மேல் அதிகம். அமெரிக்காவின் தலா வருமானம் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். ஆனால் ஆயுளில் கோஸ்டாரிக்கா மக்கள் அமெரிக்கருக்குக் குறைந்தவர்கள் அல்லர். அந்த நாடு 1948ஆம் ஆண்டிலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் முதலிடம் கொடுத்தது. பணம் எவ்வளவு வந்தது என்பதோடு, அது எங்கே போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கும் ஒரு சராசரிதான். இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி உண்டு. இலவச மருத்துவமும் உண்டு. நம்மைப் போலவே தென்னாட்டிலிருந்து போன அந்நாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் அதில் சரிபங்கு பெற்றார்களா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்றது 1970களில்தான். குழந்தை மரணம் தோட்டங்களில் நாட்டுச் சராசரியைவிட வெகுகாலம் அதிகமாகவே இருந்தது. எல்லாருடைய பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டால் யாருடைய வாளி எப்படியிருந்தது என்று எப்படித் தெரியும்? இக்குறை கண்டுதான் 2010ஆம் ஆண்டு முதல், ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் குறியீட்டையும் ஐ.நா. வெளியிட்டு வருகிறது.

நம் மலேசியா இன்று ஐ.நா. பட்டியலில் மிக உயர்ந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் வரிசையில் இருக்கிறது. நமக்கு இது பெருமைதான். அந்தப் பெருமையில் நம் வியர்வையும் உண்டு. ஆனால் நாட்டின் சராசரி உயர்ந்ததாலேயே நம் கூலி தானாக உயர்ந்துவிடவில்லை. சட்டப்படி குறைந்தபட்ச சம்பளம் 2013ஆம் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. அன்று தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாயிற்று. தொழிலாளர்கள் பல்லாண்டு கேட்டுக் கேட்டுக் கிடைத்தது இது.

ஆகவே, அண்டை நாட்டுக் கூலியை யாராவது காட்டினால் நாம் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேட்போம்: அங்கே அரிசி என்ன விலை? வீட்டு வாடகை என்ன? கூலியை மட்டும் அந்த நாட்டோடு ஒப்பிட்டு, விலைவாசியை இந்த நாட்டில் கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்? நாடு முன்னேறிவிட்டது என்று யாராவது சொன்னால், அதையும் மறுக்க வேண்டாம். நம் லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்தாம் படிவம் முடித்தார்கள், தோட்டத்தில் நோய் கண்டவருக்கு எத்தனை மைல் தொலைவில் வைத்தியம், மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது என்ன என்று நம் கணக்கையும் எடுத்து வைப்போம்.

அந்தக் கணக்கை வேறு யாரும் நமக்காக எழுதி வைக்கமாட்டார்கள். ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்து நிலவரத்தை வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தயாராக வைத்திருக்க வேண்டும். எழுதத் தெரிந்த கிராணிமார் அதற்குக் கைகொடுக்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சு வார்த்தைக்கு நம் பிரதிநிதிகள் வெறுங்கையோடு போகலாகாது.