பாட்டி வைத்தியம் பாட்டியோடு போய்விடலாமா?



ஜொகூர் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் அது. லயத்து வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடித்தால், கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பார்கள். தோட்டத்து டிரஸ்ஸரைத் தேடிப் போவதற்கு முன் பாட்டியைத்தான் தேடிப் போவார்கள்.

அதே கீழாநெல்லியை மலாய்க்காரர்கள் 'டுக்கோங் ஆனாக்' என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களைப் பார்த்தால் இரண்டு பெயர்களின் பொருத்தமும் விளங்கும்.

இது வெறும் நம்பிக்கைதானா? 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருச் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டனர். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்பது ஒரே நோயல்ல. அது ஓர் அடையாளம். பித்தப்பைக் கல்லாலும் வரலாம், எலிக்காய்ச்சலாலும் வரலாம். இலையை அரைத்துக் கொடுத்துவிட்டு நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. முதலில் இரத்தப் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு. செம்பனைக் காட்டில் களைக்கொல்லி தெளித்த இடத்தில் முளைத்த செடியையும் தொடக்கூடாது. கடையில் வாங்கும் நாட்டு மருந்தில் சுகாதார அமைச்சின் 'மால்' பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் பாட்டி சொன்னதை மறந்துவிடலாமா? கூடாது.

அயர்லாந்துக் கிராமங்களிலும் இப்படித்தான், கைமருந்து சில குடும்பங்களுக்குள்ளேயே கைமாறி வந்தது. 1937 முதல் 1939 வரை அங்கே தொடக்கப்பள்ளி மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஊர்க் கதைகளோடு மூலிகை வைத்தியத்தையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். பங்கேற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 50,000 பேர். அந்த ஏடுகளை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டபோது மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று குடிபெயர்ந்த மூத்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு பிள்ளை, ஒரு பாட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். இதற்கு மானியம் தேவையில்லை. எழுதி வைத்தால், எது பலிக்கும், எது பலிக்காது என்று நாளை ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்வார்கள். எழுதாவிட்டால் சோதிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாமே!