காமிரா யார் கையில்?

மீசை அரும்பும் பருவத்தைப் போல நகைப்புக்கு இடந்தரும் பருவம் வேறொன்றில்லை. குரல் உடைகிறது, கண்ணாடியின் முன் நிற்கும் நேரம் நீள்கிறது. ஆயினும் அப்பருவத்தைச் சினிமாவாக எடுப்போர் பெரும்பாலும் அதை எப்போதோ கடந்துவிட்ட பெரியவர்களே. அதனால் திரையில் வரும் பையன் நாற்பது வயதுக்காரரின் வசனத்தைப் பேசுகிறான்.

இதற்கு மாறான முறை ஒன்று உண்டு. கதையில் வரும் பாத்திரமே காமிராவைப் பிடித்திருக்கும். அவன் எடுத்து விட்டுச்சென்ற படத்தைப் பிறர் கண்டெடுத்து நமக்குக் காட்டுவதாகப் பாவனை. அவன் கை நடுங்கினால் திரையும் நடுங்கும். பெரிய விளக்குகளோ நட்சத்திரங்களோ வேண்டாமையால் செலவும் குறைவு. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ‘பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ என்னும் திகிற்படம் இம்முறையை உலகறியச் செய்தது. 2012-இல் வந்த ‘பிராஜெக்ட் எக்ஸ்’, பள்ளி மாணவன் ஒருவனின் பிறந்தநாள் விருந்து கட்டுக்கடங்காமற் போவதை இம்முறையிலேயே வேடிக்கையாகக் காட்டியது. என் செவிக்கு அதில் கூச்சல் அதிகம், போகட்டும்.

2010-இல் திபாகர் பானர்ஜி இயக்கிய ‘லவ் செக்ஸ் அவுர் தோக்கா’ என்னும் ஹிந்திப் படத்தைப் பெயர் கண்டு ஒதுக்கிவிட வேண்டாம். அதன் முதற்கதையின் நாயகன் சினிமா பயிலும் மாணவன். 1995-இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’யின் பித்து அவனுக்கு. தன் கைக்காமிராவை நோக்கி, அப்படத்தின் இயக்குநரிடமே பேசுவதுபோல் பேசுகிறான். நாம் சிரிக்கிறோம். தன் படத்தின் நாயகியையே காதலித்து மணக்கிறான். அவன் போற்றிய படத்தில் தந்தை மனமிரங்கி மகளை அனுப்பிவைக்கிறார். இங்கோ குடும்ப மானத்தின் பெயரால் இருவரும் கொல்லப்படுகிறார்கள். அப்போதும் அவன் காமிரா ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியாள் ஒருவர் தூர நின்று படம் பிடித்திருந்தால் அந்த அதிர்ச்சி நமக்கு நேர்ந்திராது.

மும்பைக்கு வடகிழக்கே விசைத்தறிகள் நிறைந்த மாலேகாவில், நாசிர் ஷேக் என்பவர் 2000-ஆம் ஆண்டில் ‘ஷோலே’யை நையாண்டி செய்து ‘மாலேகாவ் கே ஷோலே’யை எடுத்தார். கண்டெடுத்த பட வகையன்று அது. ஆனால் தம்மூர் முகங்களைத் தாமே படம் பிடித்த துணிவு அதில் இருந்தது. மிதிவண்டியையும் மாட்டுவண்டியையும் காமிராவை நகர்த்தவும் உயர்த்தவும் கொண்ட அக்குழுவினரின் உழைப்பை, ஃபைசா அகமது கான் 2008-இல் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ என்ற ஆவணப்படமாக்கினார்.

இனி நம் தாராவிக்கு வருவோம். 1987-இல் ‘நாயகன்’, 2018-இல் ‘காலா’ ஆகிய படங்களின் வாயிலாகத் தமிழுலகம் தாராவியைக் கண்டது. அவ்விரு படங்களிலும் நாம் கண்ட தாராவியின் பெரும்பகுதி சென்னையில் எழுப்பிய அரங்கமே! தோட்டா தரணி முதற்படத்திற்கு அமைத்த அரங்கம் கலைத்திறன் மிக்கது, அதில் ஐயமில்லை. எனினும் அங்கே தாதாவும் தலைவரும் இருந்த அளவுக்குப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு இடமில்லை.

அவனிடமோ வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் மராத்தி. ஆசிரியையின் குறைகூறலைத் தந்தைக்கு மொழிபெயர்க்க நிற்கும் மகன் எவ்வளவு சொல்வான், எவ்வளவு விழுங்குவான்? மாதுங்காவின் அரோரா கொட்டகையில் ரஜினிகாந்தின் படத்துக்கு முதல்நாள் கைதட்டியவன், செம்பூரில் வாழும் அத்தை மகளிடம் எந்த மொழியில் பேசுவதெனத் தவிப்பதை வெளியூர் எழுத்தாளர் எழுதிவிட முடியுமா?

கைப்பேசியே இன்று காமிராவாகிவிட்டது. பெரிய தடை ஒலிதான். ஒற்றையறை வீட்டில் ஒருவன் மெல்லப் பேசும்போது, அடுத்த சுவரில் பிரஷர் குக்கர் கூவும். மேல்மாடியில் தையல் எந்திரம் ஓடும். ஸ்டூடியோவில் அந்த இரைச்சலை நீக்கிவிடுவார்கள். பையனே எடுக்கும் படத்திலோ, ‘அம்மா, கொஞ்சம் சும்மா இரு’ என்று அவன் கத்துவதும் கதையில் சேர்ந்துவிடும்.