முடங்கிய அவையும் ஓடிய மசோதாக்களும்



நாடாளுமன்றம் கூடும் காலங்களில் மாலைச் செய்தியைப் போட்டால் ஒரே காட்சிதான். பதாகை, கூச்சல், கிழிந்த காகிதம், நாளைவரை ஒத்திவைப்பு. உடனே ஒருவர் கணக்கோடு வருவார்: அவை நடக்க நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய், அத்தனையும் வீண் என்பார். அடுத்தவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டைப் பிரித்துப் போட்டால் இப்படித்தான், ஒரே கட்சிக்கு அள்ளிக் கொடுத்திருந்தால் வேலை மளமளவென்று நடந்திருக்கும்!

அந்தத் தீர்ப்பு தவறு. அதைச் சொல்லத்தான் வீராம்பட்டினத்தில் இந்த மேடை.

2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை எடுத்துக்கொள்வோம். மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. பிரதமர் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் நாள்தோறும் முழங்கின. அரசாங்கக் கணக்குப்படியே மக்களவை நடக்க வேண்டிய நேரத்தில் 45 சதவீதம்தான் நடந்தது. மாநிலங்களவை 63 சதவீதம். முடங்கிய அவை என்று நாடே பேசியது. சரி, அந்த 17 அமர்வுகளில் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாக்கள் எத்தனை தெரியுமா? 23! பேச்சுதான் முடங்கியது, மசோதா ஒன்றும் முடங்கவில்லை.

அந்த 23இல் ஒன்று கடலைப் பற்றியது. கடல்பகுதிக் கனிமங்கள் திருத்தச் சட்டம். கடலடியில் கிடக்கும் மணலையும் சுண்ணாம்புச் சேற்றையும் தாதுக்களையும் ஏலம் விட்டு, 50 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்க வழிசெய்யும் சட்டம். ஜூலை 27 அன்று மக்களவைக்கு வந்தது. ஆகஸ்ட் 1 அன்று அமளிக்கு நடுவே அங்கே நிறைவேறியது. ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையிலும் முடிந்தது. எந்தக் குழுவுக்கும் போகவில்லை. எந்தக் கடற்கரை ஊரிலும் ஒரு மீனவரைக் கூப்பிட்டு, உங்கள் கருத்து என்ன என்று எந்த நாடாளுமன்றக் குழுவும் கேட்கவில்லை. எட்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? 2024 நவம்பரில் முதல் ஏலத்துக்கு 13 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் மூன்று, கேரளத்தின் கொல்லம் கடலில் கட்டுமான மணல் எடுப்பதற்கு. கொல்லம் கடல் மீன்வளத்துக்குப் பெயர்போனது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடற்கரை முழுவதும் கடையடைப்பு. அடுத்த மாதம் கேரள சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. குழு அறையில் நடந்திருக்க வேண்டிய வாதம், சட்டம் வந்து ஒன்றரை ஆண்டு கழித்துத் தெருவில் நடந்தது.

அவையின் வேலையை மணிக்கணக்கில் அளக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. படகு எத்தனை மணி நேரம் கடலில் நின்றது என்பதை வைத்தா இந்த ஊரில் மீன்பாட்டைச் சொல்கிறார்கள்?

2023 டிசம்பரைப் பாருங்கள். அவையின் பாதுகாப்பு மீறப்பட்டதற்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்காக, இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்க்கட்சி வரிசைகள் காலி. அந்த நிலையில்தான் மூன்று குற்றவியல் சட்டங்களும் தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறின. அந்தத் தொடரின் வேலைத்திறன் என்று அரசு அறிவித்தது என்ன? மக்களவைக்கு 74 சதவீதம், மாநிலங்களவைக்கு 79 சதவீதம். ஆக, கேள்வி கேட்பவர்களை வெளியே அனுப்பினால் மதிப்பெண் ஏறுகிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் பிளவுபட்ட அவை உதவாது என்கிறார்கள்.

வேகமாக வந்த சட்டம் எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

2020 செப்டம்பர் 20. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று திமுகவின் திருச்சி சிவா உள்ளிட்டோர் கேட்டார்கள். பெயர் பதியும் டிவிஷன் வாக்கெடுப்பு கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்போடு முடித்துவிட்டார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். அதன்பின் சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் அந்தச் சட்டங்களை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று இரு அவைகளும் அவற்றைத் திரும்பப் பெற்றன. அன்றாவது பேசினார்களா? இல்லை. விவாதம் இல்லாமலே சில நிமிடங்களில் ரத்து. பிள்ளை பெற்றதும் அவசரம், புதைத்ததும் அவசரம்! ஆனால் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் நிறைவேறிய மசோதாக்களாகவே ஏறின.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். பெரும்பான்மை இல்லாத, கட்சிகள் சிதறிக் கிடந்த அவைகள் என்ன செய்தன?

1989இல் ராஜீவ் காந்தியிடம் மக்களவையில் 400ஐத் தாண்டிய இடங்கள் இருந்தன. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு தர 64ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவையில் வென்றது. அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரடியாகக் கிராமத்தில் கைவைக்கப் பார்க்கிறது என்று எதிர்க்கட்சிகள் சொன்ன குறையைக் கேட்டுத் திருத்தும் பொறுமை அந்தப் பெரும்பான்மைக்கு இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே வேலையை முடித்தது யார்? பாதி இடம்கூட இல்லாத நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு. மசோதா 1991இல் வந்தது, கூட்டுக் குழுவுக்குப் போனது, மாதக்கணக்கில் அலசப்பட்டது. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு என்று ஆனது. 1992 டிசம்பர் 22 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு இரண்டு வாரத்துக்குச் சற்றே அதிகம்தான் ஆகியிருந்தது என்றால், நாடு எவ்வளவு பிளந்து கிடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! அந்த அவைதான் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் திரட்டி 73ஆவது திருத்தத்தைத் தந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும், ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலும் அதில் கட்டாயம்.

2005க்கு வருவோம். காங்கிரசுக்கு இருந்தவை 145 இடங்கள். இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கினார்கள். அந்த அவைதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வந்த மசோதா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும் பொருந்துவதாக இருந்தது. சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழுவுக்குப் போய், ஏராளமான திருத்தங்களோடு வெளியே வந்தபோது மாநில அரசுகளும் அதன் வரம்புக்குள் வந்திருந்தன. இன்று கொம்யூன் அலுவலகத்தில் ஒரு மனு எழுதிப் போட்டுக் கணக்குக் கேட்க முடிகிறது என்றால், அதற்கு அந்தத் திருத்தங்களும் காரணம்.

நூறு நாள் வேலைச் சட்டமும் அதே அவையின் பிள்ளைதான். 2004 டிசம்பரில் அறிமுகம்; பாஜகவின் கல்யாண் சிங் தலைமை வகித்த நிலைக்குழுவில் ஆய்வு; 2005 ஆகஸ்டில் நிறைவேற்றம். எட்டு மாதம். அதை நீக்கிவிட்டு வேறு சட்டம் வைக்கும் மசோதா 2025 டிசம்பர் 16 அன்று வந்தது. 18ஆம் தேதி மக்களவையில் முடிந்தது. அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையிலும் முடிந்தது. மணிக்கணக்கில் விவாதம் நடந்தது உண்மை. குழுவுக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. இருபது ஆண்டுச் சட்டத்தை மாற்ற மூன்று நாள் போதும் என்றால், கிராமத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர் தன் தரப்பை எந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியும்?

பிளவுபட்ட அவை செய்வதெல்லாம் நன்மை என்று இந்த மேடை சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கடற்கரைக்காரர்களே எழுந்து மறுப்பார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் பிடியிலிருந்து பண்ணைகளை விடுவித்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அதே 2005இல் வந்ததுதான். ஆனால் அதிலாவது விதியை மீறிப் பண்ணை நடத்துகிறவருக்குச் சிறைத் தண்டனை இருந்தது. 2023 ஆகஸ்டில், அதே அமளித் தொடரில், அதையும் எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்தினார்கள்.

எதிர்க்கட்சிகளையும் விட்டுவைக்க முடியாது. 2010 குளிர்காலத் தொடரில் 2ஜி ஊழலுக்குக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு பாஜக உள்ளிட்ட கட்சிகள் அவையை நிறுத்தின. மக்களவை நடந்தது சுமார் ஆறு சதவீத நேரம்! அன்று மறித்தவர்கள் இன்று ஆள்கிறார்கள். மறிப்பது நாட்டுக்குத் துரோகம் என்கிறார்கள். அன்று ஆண்டவர்கள் இன்று மறிக்கிறார்கள். மறிப்பது ஜனநாயகக் கடமை என்கிறார்கள். இடம் மாறியதும் வேதமும் மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. பதாகையோடு நடுவே நிற்கிறவர் திருத்தம் கொண்டுவர முடியாது, பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்க முடியாது. அந்தக் கூச்சலே குரல் வாக்கெடுப்புக்கு மறைப்பாகிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் பீகார் வாக்காளர் பட்டியலுக்காக எதிர்க்கட்சிகள் போராடியது நியாயம்தான். அந்த அமளியில்தான் இந்தியத் துறைமுகங்கள் மசோதா போனது. இணைய விளையாட்டு மசோதாவோ 20ஆம் தேதி காலடி வைத்து 21ஆம் தேதி இரு அவைகளையும் கடந்துவிட்டது.

ஆகவே கணக்கை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பதினைந்தாவது மக்களவை, 2009 முதல் 2014 வரை, நேரத்தில் சுமார் 61 சதவீதம்தான் வேலை செய்தது என்று எல்லோரும் ஏசினார்கள். ஆனால் அங்கே நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 88 சதவீதம் வேலை செய்தது என்று பாராட்டினார்கள். அங்கே குழுவுக்குப் போனவை நூற்றுக்கு 16தான். பாதிக்கு மேற்பட்ட மசோதாக்கள் அறிமுகமாகி இரண்டு வாரத்துக்குள் சட்டமாகின. அரசியல் சாசனத்தின் 93ஆம் பிரிவு கேட்கும் துணைச் சபாநாயகரை ஐந்தாண்டும் தேர்ந்தெடுக்கவே இல்லை. முதல் மக்களவை 677 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை 274 நாள்.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்துதான். 1948இல் அதிபர் ட்ரூமன், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கையில் இருந்த அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசை ஒன்றும் செய்யாத காங்கிரஸ் என்று திட்டியே தேர்தலில் வென்றார். போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்துக்கு அந்த ஆண்டு ஒப்புதல் கொடுத்தது அதே காங்கிரஸ்தான்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பிளவுபட்ட நாடாளுமன்றம் 1992இல் பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கியது அல்லவா? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், 38 ஆண்டு கழித்து. அடுத்தது 2011இல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ரங்கசாமி ஆட்சி, நாராயணசாமி ஆட்சி, மறுபடி ரங்கசாமி ஆட்சி. ஒவ்வொன்றும் சட்டமன்றத்தில் போதிய பலத்தோடுதான் உட்கார்ந்தது. ஒருவராலும் பெட்டியை ஊருக்கு அனுப்ப முடியவில்லை. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் அதிகாரியின் அறை வாசலில் நிற்க வைத்தது பெரும்பான்மை பலம்தானே? அதில் எதிர்க்கட்சிக் கூச்சலின் பங்கு என்ன?

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம். முதலாவது, வாழ்வாதாரத்தைத் தொடும் ஒவ்வொரு மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போக வேண்டும். கடல் பற்றியதென்றால் அந்தக் குழு கடற்கரைக்கு வர வேண்டும். இரண்டாவது, துணைச் சபாநாயகர் பதவி எந்த மக்களவையிலும் காலியாகக் கிடக்கக் கூடாது. மூன்றாவது, பிரிட்டனில் ஒரு தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகள் குறிக்கும் பொருளுக்கு ஒதுக்கப்படுகிறது. இங்கேயும் ஒதுக்குங்கள், நடுவே வந்து நிற்கும் சாக்கு இல்லாமல் போகும். நான்காவது, ஒருவர் கேட்டாலும் டிவிஷன் நடக்க வேண்டும். குரல் வாக்கெடுப்பில் யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பதற்குப் பெயர்ப் பதிவே கிடையாது.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் இடம், மாநிலங்களவையில் ஓர் இடம். 2023இல் ஒன்றில் காங்கிரசின் வைத்திலிங்கம், மற்றதில் பாஜகவின் செல்வகணபதி. பிளவு நம் பிரதிநிதிகளிடத்திலேயே இருக்கிறது. அது நல்லதே, இருவரையும் தனித்தனியே கேட்கலாம். 2023 ஆகஸ்டில் கடல் கனிமச் சட்டம் வந்தபோது அவையில் இருந்தீர்களா? என்ன பேசினீர்கள்? இறால் பண்ணைச் சட்டத்தில் என்ன சொன்னீர்கள்? துறைமுக மசோதாவில் எந்தத் திருத்தம் கேட்டீர்கள்? இந்தக் கேள்விகள் ஊர்ப் பஞ்சாயத்தின் கையெழுத்தோடு இருவருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். வரும் பதிலை, பதில் வராவிட்டால் அந்த விவரத்தையும், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருகிறவர் முன்னால் படித்துக் காட்டுவோம்.