உறுப்பினரின் வாக்கும் ஊர்ப் பணமும்

1959 அக்டோபர் 2-ஆம் நாள் ராஜஸ்தானின் நாகௌரில் பண்டித நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கி வைத்தார். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்குச் சட்டத் தகுதி அளித்தது. அதிகாரத்தைத் தொடர்ந்து நிதியும் வந்தது. 2021-26 காலத்திற்குப் பதினைந்தாவது நிதிக் குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ. 2,36,805 கோடி பரிந்துரைத்தது. இதில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு போன்ற பணிகளுக்கென வரையறுக்கப்பட்டது. எஞ்சியது உள்ளூர்த் தேவைகளுக்கு விடப்பட்டது.

எந்தத் தேவை முந்தியது என்பதை முடிவு செய்வது உறுப்பினரின் வாக்கு. சிறுபாலம் எந்த வாய்க்காலின் குறுக்கே, தெருவிளக்கு எந்தக் குடியிருப்பில் என்பதெல்லாம் அவ்வாக்கில் அடங்கும். பணம் முறையாகச் செலவாயிற்றா என்று தணிக்கை கேட்கிறது. அப்பணி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டியவர் வாக்காளரே.

1994-இல் ராஜஸ்தானில் தொடங்கிய பொது விசாரணைகளில் வருகைப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. பொய்க் கணக்குகள் அங்கேயே வெளிப்பட்டன. வாக்குக்கும் இம்முறை பொருந்தும்.

தீர்மானப் புத்தகத்தில் ‘நிறைவேற்றப்பட்டது’ என்ற ஒரு சொல் போதாது. ஆதரித்தவர், எதிர்த்தவர், அவர்கள் கூறிய காரணம், ஒப்பந்தத்தில் எவருக்கேனும் சொந்த நலன் உண்டா என்பவை பதிவாகிக் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். நேர்மையாக எதிர்த்து வாக்களித்த உறுப்பினருக்கும் அப்பதிவே பாதுகாப்பு. பெயரில்லாத வாக்குக்குப் பொறுப்பேற்பார் எவருமில்லை.