மறுக்கப்பட்ட கடனும் மூல ஓலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயச் சங்கமொன்றின் மேடையில் நின்று வங்கிக் கடனட்டையைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது என் துணிபு. பெரியபுராணத்தின் வாயிலில் நம்மை எதிர்கொள்வது ஒரு வழக்கு. அவ்வழக்கின் சான்று ஓர் ஓலை. கொடுத்ததும் கொண்டதும், எழுதியதும் மறுத்ததும் நம் சமய வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. அவ்வோலைக்குச் சற்றுப் பின்னர் வருவேன்.

இன்றைய செய்தி இது. ஓர் இளைஞர் உத்தியோகத்தில் அமர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. மாதந்தோறும் சம்பளம் வங்கிக்கு வருகிறது. உடன் வேலை செய்வோர் கையில் கடனட்டை இருக்கக் கண்டு தாமும் விண்ணப்பிக்கிறார். சில நாள் கழித்துக் கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி: தங்கள் விண்ணப்பத்தை இப்போது ஏற்றுக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். காரணம் இல்லை, கையொப்பம் இல்லை.

அந்த இளைஞர் அன்றிரவு என்ன செய்கிறார் என்பதே என் கவலை. பெரும்பாலும் வீட்டில் சொல்லமாட்டார். தம்மை ஒருவர் நடுத்தெருவில் நிறுத்திக் கள்வன் என்று சொன்னதுபோல மனம் குமைவார். மறுநாள் வங்கிக்குப் போய், கரும்பீடத்தின் பின்னால் இருக்கும் பெண்பிள்ளையோடு சண்டை பிடிப்பார். அந்தப் பிள்ளைக்கோ காரணமும் தெரியாது, அதிகாரமும் கிடையாது. பின்னர் வீறாப்பாக வேறு மூன்று வங்கிகளில் ஒரே கிழமையில் விண்ணப்பிப்பார். எங்கும் கிடைக்காதபோது, யாரோ ஒரு சிநேகிதர் கைகாட்ட, நாள்வட்டிக்குக் கொடுப்பவரிடம் போய் நிற்பார். மீற்றர் வட்டி என்று ஊரார் பெயரிட்டிருக்கிறார்களே, அது. ஓடும் வாடகை வாகனத்தின் மீற்றரைப்போல நாம் உறங்கும்போதும் ஏறிக்கொண்டிருப்பது. வங்கியின் மறுப்பினால் எவரும் கெட்டதில்லை. மறுப்புக்குப் பின் எடுத்த அடியினால் கெட்ட குடும்பங்கள் உண்டு.

ஆதலின், அந்தச் செய்தி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை முதலில் பார்ப்போம். வங்கி நம் ஒழுக்கத்தை அளப்பதில்லை. அதற்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. அது பார்ப்பன வருமானம், வேலையின் உறுதி, ஏற்கெனவே உள்ள கடன்கள், அவற்றைக் கட்டிய விதம் ஆகிய சிலவே. இவற்றுள் கடைசி இரண்டையும் அது எங்கிருந்து அறிகிறது? கொழும்பில் உள்ள இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து. ‘கிறிப்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அது நிறுவப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் லீசிங் நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கே அனுப்புகின்றன. புதிதாய்க் கடன் கொடுக்குமுன் அங்கே கேட்டறிகின்றன.

‘கிறிப்பில் பேர் விழுந்துவிட்டது’ என்று நம்மவர் சொல்லும்போது, ஏதோ பொலிசுக்காரரின் குற்றவாளிப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டதுபோல் நடுங்குகிறார்கள். அப்படி ஒரு கறுப்புப் பட்டியல் அங்கே இல்லை. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்கே உண்டு, தவறியவர் பெயரும் உண்டு. இன்னாருக்குக் கடன் கொடு, இன்னாருக்குக் கொடாதே என்று பணியகம் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. ஏட்டை விரித்துக் காட்டுவது அதன் வேலை, தீர்மானம் வங்கியினுடையது.

அந்த ஏட்டில் நாம் நினையாத சில சங்கதிகள் பதிந்திருக்கும். திரும்பி வந்த காசோலை இருக்கும். எந்தெந்த நிறுவனம் எப்போது நம்மைப்பற்றி விசாரித்தது என்பதும் இருக்கும். வீறாப்பில் நான்கு வங்கியில் விண்ணப்பித்தவரைக் கண்டு ஐந்தாவது வங்கி ஏன் தயங்குகிறது என்பது இப்போது விளங்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது பிணைக் கையெழுத்து. ஒன்றுவிட்ட அண்ணர் ஓட்டோ ஒன்றை லீசிங்கில் எடுக்கும்போது, ‘தம்பி, இதில் ஒரு கையெழுத்து’ என்பார். தம்பியும் கோயில் வீதியில் நின்றபடியே போட்டுக்கொடுப்பார். அந்தப் பிணை தம்பியின் ஏட்டிலும் ஏறிவிடும். அண்ணர் நாலு தவணை தவறினால், தம்பி தம் ஆயுளில் ஒரு சதமும் கடன் படாதவராயிருந்தும், வங்கியின் கண்ணுக்குச் சுமையுள்ளவராகவே தெரிவார். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் வடக்குக் கிழக்கில் லீசிங் கந்தோர்கள் எத்தனை திறந்தன என்பதை நாம் கண்ணாற் கண்டவர்கள். மோட்டார்ச் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் என்று அன்று எழுதப்பட்ட பத்திரங்களின் அடியில் எத்தனை தம்பிமாரின் பிணைக் கையெழுத்து இருக்கிறதோ, சிவனுக்கே வெளிச்சம்.

இனி ஓலைக்கு வருவோம். புத்தூரிலே மணப்பந்தலில் சுந்தரர் அமர்ந்திருக்கிறார். கிழவேதியர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் உண்டு என்கிறார். சுந்தரருக்கு என்ன வந்தது? முதலில் சிரிப்பு, பிறகு சினம். துரத்திச் சென்று பற்றி ஓலையைப் பறித்துக் கிழித்தே விட்டார். கிழித்ததும் காரியம் தீர்ந்ததென்று அங்கிருந்தோர் எண்ணியிருப்பர். தீரவில்லை. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனபோது, அவன் கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் வேதியர்.

அவையத்தார் அப்போது செய்தது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வேதியர் சொல்லையும் அவர்கள் அப்படியே நம்பவில்லை. சுந்தரர் சினத்துக்கும் அஞ்சவில்லை. மூல ஓலையை வாங்கி வாசித்தார்கள். சாட்சியிட்டவர்களின் எழுத்தைச் சரிபார்த்தார்கள். பாட்டனார் கைப்பட எழுதிக் காப்பில் இருந்த இன்னோர் ஓலையை வருவித்து இரண்டையும் ஒப்புநோக்கினார்கள். எழுத்து ஒத்திருந்தது. அதன் பின்னரே தீர்ப்பு. ஆட்கொள்ள வந்தவன் இறைவனாயிருந்தும் அவை ஓலையை ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு கூறிற்று என்பதில் நம் முன்னோருக்கு இருந்த நீதிமுறைப் பற்று தெரிகிறது. இதைத் தத்துவமாக விரித்துரைப்போர் பலர். வழக்காக விரித்துரைப்போர் குறைவு.

குறுஞ்செய்தியைப் பார்த்துக் கொதிப்பது படியோலையைக் கிழிப்பதே. மூல ஓலை கொழும்பிலே பத்திரமாக இருக்கிறது. அதை வருவித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. தேசிய அடையாள அட்டையுடன் விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தினால், நம்மைப்பற்றிய அறிக்கையைப் பணியகத்திடம் நாமே பெறலாம். வங்கிகள் வாயிலாகவும் பெறலாம். அறிக்கை வந்ததும் வீட்டிலுள்ள பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காப்பில் இருந்த மற்றை ஓலை அதுதான். கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டிருக்கலாம். நீங்கள் போடாத பிணையும் இருக்கலாம். பிழை கண்டால் பணியகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விபரத்தை அனுப்பிய நிறுவனத்தை விசாரித்துத் திருத்துவதற்கு வழி இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கும் பற்றுச்சீட்டின் பிரதியுடன் ஒரு கடிதம் அனுப்புவது காரியத்தை விரைவாக்கும். வங்கி அநியாயம் செய்ததென்று உண்மையாகவே கருதினால், மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது.

மறுத்த வங்கியிடமும் காரணத்தைக் கேட்கலாம். கேட்பதில் இழிவு இல்லை. திருவீழிமிழலையிலே பஞ்சகாலத்தில் அப்பர் பெருமானுக்கும் ஞானசம்பந்தப் பிள்ளையாருக்கும் நாள்தோறும் படிக்காசு கிடைத்தது. அப்பர் மடத்தில் அமுது நேரத்தோடு ஆயத்தமாயிற்று. பிள்ளையார் மடத்தில் தாமதம். ஏன் என்று பிள்ளையார் வினவினார். கடைவீதியிலே தங்கள் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள் என்று மடத்தார் தெரிவித்தனர். பிறகுதான் அவர் இறைவனிடம் விண்ணப்பித்து அக்குறையை நீக்கிக்கொண்டார். ஞானப்பால் உண்டவரின் காசுக்கே கடைவீதி வட்டம் கேட்டது என்றால், நம் காசுக்குக் கேட்பதில் என்ன அதிசயம்! தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. கடைக்காரர் பார்ப்பது முதலாவது நாணயத்தை. அதை இரண்டாவதாக எண்ணி மனம் உடைவது வீண்.

அமெரிக்காவிலும் இந்தக் காரணம் கேட்கும் உரிமை போராடியே பெறப்பட்டது. கடனட்டை வியாபாரம் பெருகிய அந்நாட்டில், உழைக்கும் பெண்ணொருத்தி அட்டை கேட்டால் கணவன் கையெழுத்து வேண்டும் என்று மறுத்த காலம் இருந்தது. 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது. பின்னர் மறுப்பதாயின் காரணம் தெரிவிக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. நம் நாட்டிலே சட்டம் ஒருபுறமிருக்க, வழக்கத்தைச் சொல்கிறேன்: கணவரை இழந்து, கோழி வளர்த்தும் தையல் தைத்தும் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரிடம் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? பத்து வருடம் ஒரு சீட்டுக்கூடத் தவறாமல் கட்டியவர்கள் அவர்கள். ஊருக்குத் தெரியும். ஆனால் ஊர்ச்சீட்டு கிறிப்பில் ஏறாது. ஏடு வெறுமையாக இருப்பதும் மறுப்புக்கு ஒரு காரணமாகிறது. இது அந்தத் தாயின் குறையன்று, ஏட்டின் குறை. அதை நிரப்ப வேண்டுமாயின் சிறு நிலையான வைப்பொன்றை வைத்து அதன் ஈட்டின்மேல் அட்டை பெறலாம், வங்கிகள் கொடுக்கின்றன. சிறு கடன் எடுத்துத் தவணை தவறாது கட்டி முடிப்பதும் ஒரு வழி.

பெரியோர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். வெள்ளையர் காலத்தில் கொழும்புக் கோட்டையிலிருந்த ஆங்கில வங்கிகள் இந்நாட்டவருக்கு நேராகக் கடன் கொடுப்பது அரிது. இடையிலே சறாப்பு என்பவர் இருந்தார். அவர் இவர் நல்லவர் என்று சொல்லிப் பிணை நின்றாற்றான் வங்கியின் கதவு திறக்கும். பெரும்பாலோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடமே கடன் பட்டனர். வங்கியிடம் வாங்கி, வட்டி ஏற்றி, செட்டிமார் கொடுத்தனர். 1929 ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஏற்பாடு ஆட்டங் கண்டது. 1934 ஆம் ஆண்டில் வங்கி ஆணைக்குழு விசாரித்தது. 1939 ஆம் ஆண்டில் இலங்கை வங்கி பிறந்தது. சறாப்பு ஒருவரை வேண்டாமென்று தலையசைத்தால், ஏன் என்று அறிய வழியே இல்லை; ஏடு அவர் தலைக்குள் இருந்தது. இன்றைய ஏட்டை நாம் வாசிக்கலாம், பிழை திருத்தலாம். அக்காலமே பொற்காலம் என்று பேசுவோருடன் இவ்வகையில் எனக்கு உடன்பாடில்லை.

நிற்க. சில வேளை வங்கி மறுத்தது சரியாகவும் இருக்கும். அறிக்கை உண்மை, பிழை ஒன்றுமில்லை, வருமானத்துக்கு மிஞ்சிய தவணைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றால், அந்த மறுப்பைக் கடிந்துகொள்ள என்னால் முடியாது. கடனட்டை வட்டியை இங்கே யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? 2020 ஆம் ஆண்டில் மத்திய வங்கி அதற்கு நூற்றுக்கு 18 என்று உச்ச எல்லை வைத்தது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அந்த எல்லை எடுபட்டபோது வட்டி 30 ஐயும் தாண்டிப் போயிற்று. கணக்குக்கு 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100,000 ரூபா பாக்கிக்கு ஒரு மாத வட்டி 2,000 ரூபா. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து கட்டினாற் போதும் என்று சீட்டு வருகிறது. 5,100 ரூபா கட்டுகிறீர்கள். முதலில் கழிந்தது 3,100 ரூபாதான். ‘கட்டினாற் போதும்’ என்ற அந்தச் சொல்லில் வங்கியின் இலாபம் இருக்கிறது. முழுப்பாக்கியையும் தவணை நாளுக்குள் கட்டுபவருக்கு அட்டை நல்ல வேலைக்காரன். கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் இன்று அது வேண்டியிருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. அவற்றுள் பலவற்றுக்குச் சேமிப்புக் கணக்கோடு வரும் பற்று அட்டையே போதும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து வங்கி இல்லையென்றுவிட்டது என்று சொன்னால், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று தொடங்காதீர்கள். அவ்வார்த்தைக்குப் பயந்துதான் அவர் நாள்வட்டிக்காரரிடம் போகிறார். சம்பந்தம் பேசுமிடத்தில் ‘மாப்பிள்ளைக்குக் கிறிப் எப்படி’ என்று விசாரிக்கும் வழக்கமும் இப்போது மெல்லத் தலைகாட்டுகிறது என்று கேள்வி. சாதகத்துக்குப் பக்கத்தில் அந்த அறிக்கையையும் வைப்பார்களோ என்னவோ! அண்ணருக்குப் போட்ட பிணையினால் தம்பியின் கலியாணம் தடைப்பட வேண்டாம். வாசித்துப் பாருங்கள், விசாரியுங்கள்.

அறிக்கை பெறும் விண்ணப்பத்தையோ முறைப்பாட்டுக் கடிதத்தையோ எழுதுவதற்குத் துணை வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் முன்மண்டபத்துக்கு வாருங்கள். அடையாள அட்டையும், இருக்கிற பற்றுச்சீட்டுகளும் கையில் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் பின் கொண்டுவரலாம்.